காதில் வாங்குதல்

ஊர்ப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.
எஸ்பியர் என்கிறார்கள்.
ரயில் நிலையப் பலகையில் அதற்குப் பிறகும்
ஓர் எழுத்து நிற்கிறது,
மழையில், யாரும் ஏற்றிக்கொள்ளாத பயணியாக.

எங்கள் ஜார்ஜிய மொழியில்
எட்டு மெய்கள் தோளோடு தோள் இடித்தபடி
ஒரே சொல்லில் வரும்.
ஒன்றைக்கூட நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.
இந்த டேனியர்கள் மெய்யை விழுங்கிவிட்டு
உயிரை மட்டும் வெளியே விடுகிறார்கள்,
அதுவும் கோட்டுக் காலருக்குள்.

நாற்பத்தாறு வயதில் என் காதுகளைப்
பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன்.
செவ்வாய், வியாழன், மாலை ஆறு மணி.
வீபெக்கா டீச்சர் பொத்தானை அழுத்துவார்.
ஒலிப்பதிவில் ஒருவன்
பல் மருத்துவரிடம் நேரம் கேட்பான்.
என்ன தெளிவு!
இந்த நாட்டில் அப்படிப் பேசும் ஒரே மனிதன்.
அவனை நான் தெருவில் கண்டதே இல்லை.

மற்ற நாட்களில் பிரேபெனின் ரொட்டிக் கடை.
மூன்று வருடத்தில் அங்கே நான் கற்றது
தலையாட்ட.
அவர்கள் பேசுவார்கள்,
முகத்தின் அளவு பார்த்து ஆட்டுவேன்.
நாய் செத்த கதைக்கு ஒருமுறை
சிரித்தும் இருக்கிறேன்.

'நோ' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.
மறுப்பு அல்ல.
அப்படியா, சரி கிளம்பலாம், அடப்பாவமே,
இதற்கு மேல் பேசாதே,
எல்லாமே அதுதான்.
இழுக்கிற இழுப்பில் இருக்கிறது பொருள்.
அகராதியில் இழுப்புக்கு இடம் கிடையாது.

அப்புறம் எண்கள்.
ஐம்பதுக்கு இங்கே
'மூன்றாவதில் பாதி' என்று பெயர்,
இருபதால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.
அந்தப் பாதி தொண்டையில் தங்கிவிட்டால்
காதில் விழுவது அறுபது.

பிப்ரவரி. தொலைபேசி.
பார்த்து ஆட்ட முகம் இல்லை.
சனிக்கிழமைக்கு வட்ட ரொட்டி, அறுபது.
அறுபது என்றால் பிறந்தநாள்தானே?
"வாழ்த்துகள்!" என்றேன்,
பாடப்புத்தகம் சொன்னபடி,
ஒரு மெய் குறையாமல்.

மறுமுனையில்
ஒன்றுமில்லை.
அவள் பக்கத்துக் கடற்காகம் ஒன்று கத்தி ஓய்ந்தது.
பிறகு,
"நோ."

எந்த ஒலிப்பதிவிலும் கேட்டிராத நோ.
சொல் முழுசாக இருந்தது.
உள்ளே ஆள் இல்லை.
இரவு முழுக்க அதை
வாயில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கறுப்புக் கோட்டில் வந்தாள்.
குட்ருன் என்று பெட்டிமேல் எழுதியிருந்தேன்.
எண்ணிப் பார்த்தாள். பத்து அதிகம்.
எதையோ சொன்னாள், ஒரே மூச்சில்.
சகோதரன், காப்பி, பத்து.
மூன்று சொற்கள் கரையேறின,
மற்றவை போய்விட்டன.
(அண்ணனா தம்பியா, இந்த மொழி சொல்லாது.)

கழுத்து தானாக ஆடத் தொடங்கியது.
பிடித்து நிறுத்தினேன்.
"புரியவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள்."

வரிசையில் ஏழு பேர்.
அடுப்புக் கதவைத் திறந்த கையோடு
பிரேபென் திரும்பிப் பார்த்தார்.
தட்டுகளின் சூடு என் முதுகில்.

அவள் மறுபடி சொன்னாள்.
மெதுவாகச் சொல்லவில்லை, அதே வேகம்தான்.
ஆனால் இந்த முறை என்னிடம் சொன்னாள்.
வேர்னர் இருந்திருந்தால்
அந்தப் பத்தையும் காப்பியில் தோய்த்து
அவனே தின்றிருப்பானாம்,
சட்டையெல்லாம் சிந்தி.

தவறு என்னுடையது, பத்துக்குக் காசு வேண்டாம்,
இந்த வாக்கியத்தை நான் கட்டி முடிப்பதற்குள்
அறுபதுக்கும் கொடுத்துவிட்டாள்.

"நோ" என்றேன்.
எங்கிருந்து வந்ததோ,
எவ்வளவு இழுத்தேனோ.
அவள் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை தேர்வு.
பத்துக்கு நான்கு.
வீபெக்கா உதட்டைப் பிதுக்கினார்.
அதே பல்வலிக்காரன்தான்.
நாளைக் காலை என்று சொல்வதற்கு முன்
அவன் ஒரு மூச்சு எடுக்கிறான்,
குட்டியாக, மூக்கால்.
பயந்திருக்கிறான்.
மூன்று வருடமாகக் கேட்கிறேன்,
இப்போதுதான் கேட்டது.

வினாத்தாளில் அதைப் பற்றிக்
கேள்வி இல்லை.